சபுர் தனியொருவர் சுமக்கும் சுமை அன்று



ஹிஜ்ரி 1446 நிறைவுற்று, 1447ஆம் ஆண்டின் முஹர்ரம் பிறை தென்பட்டது. சூரிய ஆண்டைவிட நம் பிறை ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவானது. 354 அல்லது 355 நாள்களில் முடிந்துவிடும். ஆயினும் 1446ஆம் ஆண்டு எங்கள் இல்லத்தில் அவ்வளவு விரைவாக முடியவில்லை.

வணிகர் ஆண்டிறுதியில் கணக்கு முடிப்பதுபோல முஃமினும் தன் ஆண்டைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வார்கள். அவ்வாறு கணக்கிட அமர்ந்தபோது, பெற்றோராகிய எங்கள் இருவருக்கும் ஒரு கருத்து மிகத் தெளிவாகப் புலப்பட்டது. அதை உங்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறோம். சபுர் என்னும் சொல்லை நம் சமுதாயம் மிகத் தாராளமாகச் சொல்கிறது. அந்தச் சபுரைத் தாங்குவதற்கு வேண்டிய கைகளை மிகச் சிக்கனமாகவே நீட்டுகிறது. தொழுகையிலும் நோன்பிலும் இயலாதவருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைகளை நாம் மனமுவந்து ஏற்கிறோம். அதே மனப்பான்மையைக் குடும்ப வாழ்க்கையில் மட்டும் கைக்கொள்ள மறுக்கிறோம்.

எங்கள் இல்லத்தின் ஆண்டு

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் உள்ளது. எங்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். அப்போதைய கல்வியாண்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலும் மகன் ஆறாம் வகுப்பிலும் படித்தார்கள். வீட்டின் மூத்தவர் எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார், பிள்ளைகளுக்கு வாப்பும்மா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெருப் பெண்பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு முன்கட்டில் அமர்ந்து குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். இன்று அந்தத் தெருவில் பேரப்பிள்ளை எடுத்துவிட்ட பெண்கள் பலர் அவரிடம் அலிஃப், பே தொடங்கியவர்களே.

1446 முஹர்ரம் மாதத்தில் அவருக்கு மறதி நோய் என்பது உறுதியாயிற்று. எங்களில் ஒருவர் வளைகுடாவில் 14 ஆண்டு பார்த்த வேலையை விட்டு ஊர் திரும்பினார். இங்கே கிடைத்த வேலையின் சம்பளம், முன்பு மாதந்தோறும் அனுப்பிய தொகையில் பாதிக்கும் குறைவு. மருந்து, பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு என்று ஒவ்வொன்றையும் புதிதாக அளந்து செய்ய வேண்டியதாயிற்று.

இந்நோயில் அண்மைக்கால நினைவுகள் முதலில் மங்குகின்றன. பழைய நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. காலையில் என்ன உண்டோம் என்பது நினைவில் இராது. அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த தாயின் குரல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். எங்கள் உம்மா லுஹர் தொழுவார். ஸலாம் கொடுத்துச் சற்று நேரத்தில், "நான் இன்னும் லுஹர் தொழலையே" என்று மீண்டும் உளூச் செய்யப் புறப்படுவார். ஒரே பகலில் நான்கு முறை லுஹர் தொழுத நாள்கள் உண்டு. பேத்தியைத் தம் மறைந்த தங்கையின் பெயரால் அழைப்பார். மாலை மங்கும் நேரத்தில் இந்நோயுள்ள பலருக்குக் கலக்கம் கூடும் என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார். அவ்வாறே மஃரிப் நெருங்கும்போது வாசற்படியில் நின்று, "என்னை எங்க வீட்ல கொண்டு வுடுங்க, உம்மா தேடுவாங்க" என்று அழுவார். அவர் சொல்லும் வீடு இடிக்கப்பட்டு அந்த இடத்தில் கடைகள் எழும்பிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன.

"இதுதானே உங்கள் வீடு" என்று வாதிட்டுப் பயனில்லை. ஆகவே நாள்தோறும் எங்களில் ஒருவர் அவர் கையைப் பிடித்துத் தெருவைச் சுற்றி நடப்போம். பள்ளிவாசல் வரை போய், வேறு சந்து வழியாகத் திரும்பி, புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்வோம். "வந்துட்டோம்" என்பார். அன்றைய மாலை அதோடு அமைதியாகும்.

பின்னர் ரமளான் வந்தது. 2025ஆம் ஆண்டு தமிழகத்தில் முதல் நோன்பு மார்ச் 2ஆம் நாள். பன்னிரண்டாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. மகள் நோன்பு நோற்றுக்கொண்டே எல்லாத் தேர்வுகளையும் எழுதினாள். இரவு முழுவதும் வாப்பும்மா எழுந்து நடமாடுவார். கதவுத் தாழ்ப்பாளை அசைப்பார். சஹருக்கு எழுந்த பிள்ளை அதன்பின் உறங்காமல் புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பத்து மணித் தேர்வுக்குப் போவாள். மாலையில் நோன்பு திறக்கும் நேரமும் வாப்பும்மாவின் கலக்கமும் ஒருசேர வரும். வீட்டில் நோன்புக் கஞ்சியைச் சுற்றி மூவர் அமர்ந்திருக்க, நான்காமவர் ஒரு பேரீச்சம்பழத்தையும் தண்ணீர்ப் போத்தலையும் கையில் வைத்துக்கொண்டு உம்மாவுடன் தெருவில் நடந்துகொண்டிருப்பார். பாங்கு கேட்டதும் நின்று நோன்பு திறப்பார், மீண்டும் நடப்பார்.

அந்த ஆண்டு முழுவதும் எங்கள் இல்லம் தேடி வந்தவர்கள் பலர். அவர்களுடைய அன்பில் எங்களுக்கு ஐயமில்லை. எல்லோரும் சொன்ன சொல் ஒன்றுதான்: "சபுர் செய்யுங்க, அல்லாஹ் கூலி தருவான்." நெருங்கிய உறவினர் ஒருவர் ஓர் ஆலோசனையும் கூறினார். "பொம்பளப் புள்ளதானே, பரீட்சைய அடுத்த வருஷம் எழுதட்டுமே. வீட்ல இருந்து வாப்பும்மாவப் பாத்துக்கிட்டா உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

நாங்கள் அதற்கு உடன்படவில்லை. ஆயினும் அந்த ஆலோசனையைப் பலநாள் நினைத்துப் பார்த்தோம். ஒரு வீட்டில் சுமை வந்து இறங்கும்போது, அதை யார் தலையில் வைப்பது என்று எவரும் கூடிப் பேசுவதில்லை. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல அது மறுத்துப் பேச இயலாதவரை நோக்கித் தானே நகர்கிறது. பெரும்பாலும் அது மருமகள். அல்லது மணமாகாத மகள். அல்லது படிப்பை நிறுத்தினால் எவரும் கேள்வி கேட்காத பெண்பிள்ளை. பிறகு அதற்குச் சபுர் என்று பெயர் சூட்டுகிறோம். மகள் தேர்வு எழுதினாள். மே மாதம் முடிவு வந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் அந்த ஆலோசனை ஏற்கப்பட்டுவிட்ட வீடுகள் இருக்கின்றன என்பதை நாம் அறிவோம்.

மார்க்கம் இறக்கி வைத்த சுமைகள்

நம் மார்க்கத்தின் சட்டங்களைச் சற்று நினைவுகூர்வோம். பயணி நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமர இயலாதவர் படுத்துத் தொழலாம். தண்ணீர் கிடைக்காதவருக்கும், தண்ணீர் பட்டால் நோய் மிகுமென்று அஞ்சுபவருக்கும் தயம்மும் உண்டு. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நோற்கலாம்; குணமடைய வழியில்லாத நோயாளியும் தளர்ந்த முதியவரும் ஏழைக்கு உணவளித்தால் போதும். உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, அறிவு பிறழ்ந்தவர் தெளியும்வரை அவர்கள்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

உம்மா நான்காம் முறை லுஹருக்கு எழுந்தபோது நாங்கள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் சென்று கேட்டோம். அவர் கூறிய விளக்கம் எளிமையானது. நினைவு இவ்வளவு மங்கியவர்மீது தொழுகையும் நோன்பும் கடமையாக இல்லை. அவர் தொழ விரும்பினால் தொழட்டும். தடுக்கவும் வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். அந்த விளக்கம் எங்களுக்குப் பேராறுதல் அளித்தது. ரமளானில் அவருக்கு மருந்தும் உணவும் கொடுப்பதில் எங்கள் மனத்தில் எந்த உறுத்தலும் இருக்கவில்லை.

அப்போது எழுந்த எண்ணம் இது. நோயாளிக்குரிய சட்டத்தை அல்லாஹ் இவ்வளவு இலகுவாக்கி வைத்திருக்கிறான். அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஊரும் உறவும் எதை இலகுவாக்கித் தந்திருக்கின்றன? பகலெல்லாம் பணிவிடை செய்யும் மருமகள் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு முந்தின நாளே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் "பெரிய மனுஷியாயிட்டா" என்ற பேச்சு. பெருநாளன்று எல்லா வீடுகளுக்கும் பண்டம் போய்ச் சேர வேண்டும். ஹகீகா, காதுகுத்து, சீர், செய்முறை எதிலும் குறை வைக்கக் கூடாது. தொழுகையைச் சுருக்க அல்லாஹ் அனுமதிக்கிறான். விருந்தைச் சுருக்க நாம் அனுமதிப்பதில்லை!

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்று, பின்னணியில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் தவிப்பாளே என்று எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்று நபிமொழி நூல்கள் கூறுகின்றன. ஒரு தாயின் பதற்றத்துக்காக முழு ஜமாஅத்தின் தொழுகை சுருங்கியது. அந்தத் தாய் எழுந்து தன் கஷ்டத்தைச் சொல்லவில்லை, எவரிடமும் விண்ணப்பிக்கவுமில்லை. இமாமாக நின்றவர் தாமே கேட்டு, தாமே உணர்ந்து, தாமே இலகுவாக்கினார்கள். ஒரு வீட்டில் வருத்தம் இருக்கிறதென்று அறிந்தால் ஊர் நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை.

அழுதால் சபுர் கெட்டுவிடுமா?

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று விடையளிப்பது அழகிய பண்பு. எந்த நிலையிலும் இறைவனைப் புகழ்வது முஃமினின் இயல்பு. ஆனால் அச்சொல்லோடு உரையாடல் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அப்பண்பின் பகுதியன்று. அதற்குமேல் ஒரு சொல் பேசினால் இறைவனைப்பற்றி முறையிடுவதாகிவிடுமோ என்ற அச்சம் நம் பெண்களிடம் மிகுதி; ஆண்களிடம் வேறு வடிவில் அதைவிட மிகுதி.

நம் வரலாறு அத்தகைய மௌனத்தைக் கற்பிக்கவில்லை. நபித்துவத்தின் பத்தாம் ஆண்டில், ஏறத்தாழ கி.பி. 619இல், ஏறக்குறைய மூன்றாண்டு நீடித்த சமூக விலக்கு முடிந்த சிறிது காலத்திலேயே, நபி (ஸல்) அவர்கள் தம் பெரிய தந்தையார் அபூதாலிபையும், ஏறக்குறைய 25 ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் இழந்தார்கள். அந்த ஆண்டை வரலாற்றாசிரியர்கள் ‘ஆமுல் ஹுஸ்ன்’, அதாவது துக்க ஆண்டு என்றே அழைக்கிறார்கள். வீட்டில் தாயை இழந்த பெண்மக்கள் இருந்தார்கள். பின்னர் அவ்வில்லத்துக்கு ஸவ்தா (ரலி) அவர்கள் வந்து பொறுப்பேற்றார்கள். மானிடருள் மிகுந்த பொறுமையாளரின் வாழ்விலேயே ஓர் ஆண்டு துக்கத்தின் பெயரால் குறிக்கப்படுகிறது. அதற்கு வேறு இனிய பெயர் சூட்டி எவரும் மறைக்கவில்லை.

யூசுஃபை இழந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின என்பதையும், தம் கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள் என்பதையும் யூசுஃப் அத்தியாயத்தில் காண்கிறோம். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக நாம் காட்டும் நபியும் அவர்களே. தம் குழந்தை இப்ராஹீம் மரணத்தறுவாயில் இருந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். ஆக, கண்ணீரும் பொறுமையும் ஒரே நெஞ்சில் இருக்க இயலும். இறைவனின் தீர்ப்பைப் பழிப்பது வேறு. "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று அடுத்த வீட்டாரிடம் சொல்வது வேறு.

பிள்ளைகளிடமும் இதே முறை வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாப்பும்மாவுக்கு என்ன நோய், அது எவ்வாறு முற்றும், வீட்டு வருமானம் ஏன் குறைந்தது என்பவற்றை முதல் மாதத்திலேயே இரு பிள்ளைகளிடமும் அவரவர் வயதுக்கேற்பச் சொல்லிவிட்டோம். பெரியவர்கள் மறைப்பதைப் பிள்ளைகள் எப்படியும் உணர்ந்துவிடுவார்கள். உண்மை தெரியாத இடத்தை அச்சத்தால் நிரப்பிக்கொள்வார்கள். மகனுக்கு ஒரு பொறுப்பும் கொடுத்தோம். பள்ளிவிட்டு வந்ததும் அரைமணி நேரம் வாப்பும்மா முன் அமர்ந்து ஓத வேண்டும். அவன் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் ஓர் எழுத்தை நீட்ட வேண்டிய இடத்தில் அவன் நீட்டாவிட்டால் உடனே நிறுத்தித் திருத்துவார். ஒருநாள் அவன், "வாப்பும்மாவுக்குக் குர்ஆன் மறக்கலை, என் பேரு மறந்துபோச்சு. அப்ப நான் அவங்களுக்கு யாரு?" என்று கேட்டான். "இப்போதைக்கு நீ அவங்ககிட்ட ஓத வர்ற பிள்ளை" என்றோம். சற்று யோசித்துவிட்டு, "சரி, அப்ப நாளைக்கும் வர்றேன்" என்றான்.

உறக்கமும் ஓர் உதவியே

முதிய பெற்றோரிடம் சலிப்பின் சிற்றோசைகூட எழக்கூடாது என்பது இறைக்கட்டளை. ஜும்ஆ மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் அதைத் தனியொரு மகனுக்கோ மகளுக்கோ விதிக்கப்பட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறோம். சற்று ஆழ்ந்து நோக்குங்கள். மூன்று இரவு உறங்காத ஒருவர், நாற்பதாம் முறையாக ஒரே கேள்விக்கு விடை சொல்லும்போது, குரலில் சலிப்பு ஏறாமல் இருக்க எவ்வளவு வலிமை வேண்டும்? அந்த வலிமையின் பாதி உறக்கத்திலிருந்து வருவது. ஆகவே அவரை ஓர் இரவு உறங்க விடுபவர், அந்த இறைக்கட்டளையை நிறைவேற்ற அவருக்குத் துணைநிற்கிறார். நன்மையிலும் ஓர் பங்கு பெறுகிறார்.

எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினோம். இரவு பத்து முதல் இரண்டு வரை ஒருவர். இரண்டு முதல் சுப்ஹு வரை மற்றவர். உம்மாவின் மகள், பிள்ளைகளுக்கு மாமி, மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்குவதென்று முடிவாயிற்று. தேர்வு நாள்களில் மகளுக்கு எந்த முறையும் இல்லை. உம்மாவைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்றவற்றைப் பெண்கள் பார்த்தார்கள். துணி துவைப்பது, சமைப்பது, இரவு விழிப்பது, மாலை நடை ஆகியவற்றில் மகனாகிய எங்களில் ஒருவர் சரிபாதி ஏற்றார். "ஆம்பளை அடுப்படியில என்ன பண்றாரு?" என்று சிரித்தவர்களும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று விடையளித்தார்கள். அந்த நபிமொழியைத் தாடிக்கும் தலைப்பாகைக்கும் தரும் அழுத்தத்தோடு அடுப்படிக்கும் தந்தால் நம் வீடுகள் எத்தனையோ சீர்படும்.

ஜஃபர் வீட்டுக்குச் சென்ற உணவு

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஅத்தா போரில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) உயிர்நீத்த செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். துயரம் அவ்வீட்டாரின் கைகளைக் கட்டிவிட்டது என்பதே அதற்குரிய காரணம். இன்றும் நம் ஊர்களில் மய்யித்து வீட்டில் அடுப்பு எரிவதில்லை. உறவும் அயலும் சோறு கொண்டுவருகின்றன. மரணச் செய்தி அறிவித்த ஒரு மணி நேரத்தில் சந்தூக் வந்துவிடும். குழி வெட்ட ஆள் போய்விடும். கபன் துணி வந்துவிடும். எந்த அலுவலகமும் இவ்வளவு விரைவாக இயங்காது. இது நம் ஜமாஅத்துகளின் பெருமை.

ஆனால் மரணத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்த வீட்டில் என்ன நடந்தது? அப்போது சோறு எங்கிருந்து வந்தது? மூன்று நாள் துக்கத்துக்கு ஊரே திரள்கிறது. முந்நூறு நாள் நோய்க்கு நலம் விசாரிப்பு மட்டுமே வருகிறது. ஜஃபர் வீட்டுக்கு உணவு சென்ற காரணம், அவர்கள் சமைக்க இயலாத நிலையில் இருந்தார்கள் என்பது. அந்தக் காரணம் படுக்கை நோயாளி உள்ள வீட்டுக்கும், மறதி நோயாளி உள்ள வீட்டுக்கும், மனவளர்ச்சி குன்றிய குழந்தை உள்ள வீட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

நமக்கு அடுத்துள்ள கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை ஒரு சிறு மருத்துவ முயற்சியாகத் தொடங்கிற்று. பின்னர் மலப்புரம் உள்ளிட்ட பகுதிகளில் அது அண்டை அயலாரின் இயக்கமாக வளர்ந்தது. ஆசிரியர், வணிகர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் தன்னார்வலராகப் பயிற்சி பெற்றார்கள். ஊர் மக்கள் தரும் சிறு சிறு நன்கொடைகளால் செவிலியர் வீடு தேடிச் சென்றார்கள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரத்தில் இயன்றது நம் ஊர்களில் இயலாது என்பதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

நம் பள்ளிவாசல்களில் திருமணப் பதிவேடு உண்டு. சந்தாப் பதிவேடு உண்டு. நெடுநாள் நோயாளி உள்ள வீடுகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும். பெயரும் நோயும் வெளியே தெரிய வேண்டியதில்லை. தேவை மட்டும் தெரிந்தால் போதும். இந்த வீட்டுக்கு வாரம் இருமுறை மதிய உணவு. அந்த வீட்டுக்கு வியாழன்தோறும் இரண்டு மணி நேரம் துணையிருக்க ஒரு பெண். மற்றொரு வீட்டுக்கு மருத்துவமனை செல்ல வாகனம். மதரஸா மாணவரும் கல்லூரி மாணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் நிறைந்த ஊரில் இதற்கு ஆள் இல்லாமற்போகாது.

அரசின் உதவிகளையும் அறிந்துவைத்திருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணும் உள்ளன. இவற்றைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தால் எத்தனையோ பேருக்குப் பயன்படும்.

இரண்டு மறுப்புகள்

பெற்றோர் பணிவிடையில் பிறர் உதவியை நாடினால் நம் நன்மை குறைந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். இஃப்தார் விருந்தில் பத்துப் பேர் சேர்ந்து நோன்பாளிகளுக்கு உணவளிக்கிறோம். ஒருவரின் கூலியை மற்றவர் பறித்துக்கொண்டதாக எவரும் வருந்துவதில்லை. அல்லாஹ்வின் கருவூலத்தில் பங்கு போட்டால் குறையும் செல்வம் எதுவும் இல்லை. உதவியை மறுத்து, உடல்நலம் குன்றி, இறுதியில் பெற்றோரிடமே முகம் சுளிக்கும் நிலைக்கு வருவதுதான் உண்மையான இழப்பு.

வீட்டு விஷயத்தை வெளியே சொன்னால் மானம் போகாதா, நாளை பெண்ணுக்கு வரன் வரும்போது நோயுள்ள குடும்பம் என்று பேசமாட்டார்களா என்பது மற்றொரு கேள்வி. இந்த அச்சம் பொய்யன்று, பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குரிய மாற்று, நோயுற்ற வீடு தன் கதவை அடைத்துக்கொள்வதன்று. பேசுகிற நாவுகள் அடங்க வேண்டும். முதுமையும் நோயும் அல்லாஹ்வின் ஏற்பாடு. எந்த வீட்டு வாசலையும் அவை கேட்டுக்கொண்டு வருவதில்லை. இன்று அடுத்த வீட்டைப்பற்றிப் பேசுபவர் நாளைக்குத் தம் வீட்டுக்கு எத்தகைய ஊரை விட்டுச்செல்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆண்டு முடிந்துவிட்டது, நோய் முடியவில்லை. இனி வரும் ஆண்டு இதைவிட இலகுவாக இருக்கும் என்று மருத்துவர் எவரும் எங்களிடம் கூறவில்லை. ஆயினும் அதை எதிர்கொள்ளும் முறை எங்களுக்கு ஓரளவு பழகிவிட்டது. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே. அடுத்த முறை நோயுள்ள ஒரு வீட்டுக்குச் செல்லும்போது "சபுர் செய்யுங்க" என்று சொல்வதற்கு முன்னால், "வியாழக்கிழமை மாலை நான் வந்து உட்கார்ந்துக்கறேன், நீங்க ரெண்டு மணி நேரம் படுங்க" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி வியாழக்கிழமை போங்கள். அதன்பின் சபுரைப்பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிராது.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்கு வலிமையையும், உறக்கத்தையும், துணையையும் தருவாயாக. எங்கள் பெற்றோர் சிறுவயதில் எங்களைப் பேணியதுபோல அவர்கள்மீது நீ அருள்புரிவாயாக. சுமக்க இயலாத சுமையை எந்த வீட்டின்மீதும் வைக்காதிருப்பாயாக. சுமை வந்த வீட்டுக்கு எங்களில் சிலரை உதவியாக அனுப்புவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.